குப்பைக்கு விலை 10,000 வெள்ளி

சிங்கப்பூரில் பொது இடத்தில் குப்பை போட்டு நீதிமன்றப் படியேறினால், முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் 1,000 வெள்ளியாக இருந்தது. 2014-இல் அதை இரண்டு மடங்காக்கினார்கள். இப்போது முதல் தடவை 2,000, இரண்டாம் தடவை 4,000, அப்புறமும் திருந்தாவிட்டால் 10,000. கேட்டாலே தலை சுற்றுகிறது! ஆனால் இது உச்சவரம்புதான். சிகரெட் துண்டைப் போட்ட எல்லோரிடமும் மொத்தமாகக் கறந்துவிடுவதில்லை. காசு உறைக்காத ஆசாமிகளுக்கு 1992-லிருந்தே வேறொரு மருந்தும் இருக்கிறது. பளிச்சென்ற மேலங்கியை மாட்டிவிட்டு, நாலு பேர் பார்க்கப் பொது இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அபராதத்தைவிட அதுதான் அதிகம் சுடும். வரமாட்டேன் என்று டிமிக்கி கொடுத்தால்? அதற்கும் தனியாக அபராதம் உண்டு!