முதுகுவலியும் சுருங்கிய இரைப்பையும்

எடை குறைய இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களில் பலருக்கு முதுகுவலி பழைய கூட்டாளி. பெருத்த வயிறு முன்னால் இழுக்க, கீழ்முதுகு வளைந்து சுமக்கிறது. எடை இறங்கினால் பலருக்கு வலியும் இறங்கும். தேய்ந்த டிஸ்க் மட்டும் திரும்ப வளராது.

மாத்திரை விஷயத்தில்தான் கவனம் வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் விழுங்கிய பழைய பழக்கம் இரைப்பை பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு ஆகாது. இரைப்பையும் குடலும் சேர்த்துத் தைத்த இடத்தில் புண் வரலாம். ரத்தம் கசியலாம், ஓட்டைகூட விழலாம். புகைப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவற்றுக்குப் பதில் பொதுவாக பாரசிட்டமால் தருவார்கள். அளவை டாக்டர் சொல்லட்டும்.

எடையோடு தசையும் கரையும். முதுகைத் தாங்குவதே தசைதானே! அதனால் நடையும் பிசியோதெரபியும் ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கட்டும்.

மருந்துக் கடையில் 'முதுகுவலிக்கு ஒண்ணு குடுங்க' என்று கேட்கும்போது, ஆபரேஷன் ஆனதையும் சொல்லிவிடுங்கள்.