பெட்டிக்குள் இருந்த வெள்ளாடை



திருமுழுக்கின்போது குழந்தைக்கு வெள்ளாடை அணிவிக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் அதை என்ன செய்கிறோம்? நெகிழிப் பையில் சுற்றிப் பீரோவின் அடித்தட்டில் வைத்துவிடுகிறோம். இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளைக்காக எடுத்தால், தேநீரில் முக்கியதுபோல் பழுப்பேறி நிற்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். மறையுரையில் சலவைக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஆண்டவரின் தோற்றமாற்றத்தைச் சொல்ல வந்த மாற்கு நற்செய்தியாளருக்கே சலவைக்காரரின் நினைவுதானே வந்தது!

எங்கள் பங்கில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய தாயார் சிறுவயதில் முளகுமூடு கன்னியர் மடத்தில் லேஸ் பின்னக் கற்றவர். 1897-இல் பெல்ஜியத்திலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர் வந்து பணி தொடங்கிய ஊர் அது. அங்கே ஊசியும் நூலும் பிடித்த பெண்கள் பலருக்கு அதுவே கைத்தொழிலாயிற்று. அந்தத் தாயார் இரண்டு பொருள்களைத் தம் கையால் செய்து வைத்துவிட்டுப் போனார். ஒன்று, எங்கள் கோவிலுக்குக் கொடுத்த பீடத்துணி. மற்றொன்று, தம் பேரப்பிள்ளைகளுக்காகத் தைத்த திருமுழுக்கு ஆடை.

பீடத்துணியின் கதையைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் பங்குத் திருவிழா நெருங்கிய நேரம். துணி மஞ்சளாக இருந்தது. குண்டூசி குத்திய இடங்களில் துருக்கறை வேறு. கொடியேற்றத்துக்குள் வெளுக்க வேண்டும் என்ற அவசரத்தில், கிணற்றுக்குப் போட வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து இரவு முழுவதும் ஊறவைத்தோம். காலையில் வெள்ளையாகத்தான் இருந்தது. பிழிந்தபோது லேஸ் கையோடு வந்துவிட்டது. துரு இருந்த இடமெல்லாம் ஓட்டை. சுருட்டி ஒரு மூலையில் வைத்துவிட்டு, கடையில் புதுத்துணி வாங்கிப் பீடத்தில் விரித்தோம். பாட்டியிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பூசைக்கு வந்தார், பார்த்தார், கேட்கவில்லை.

போன மாதம் கொள்ளுப்பேத்தியின் திருமுழுக்குக்கு நாள் குறிக்க வந்தார். கையில் துணிப்பொட்டலம். “சாமி, வீட்டுல எல்லாரும் பிளீச்சிங் போடணும்னு நிக்கிறாங்க. அந்தப் பீடத்துணிக்கு ஆனது இதுக்கும் ஆயிடக்கூடாது” என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! இத்தனை ஆண்டுகளாகக் கேட்காத மன்னிப்பை அன்றுதான் கேட்டோம். “அதை விடுங்க சாமி, இதைப் பாருங்க” என்று பொட்டலத்தைப் பிரித்தார்.

எங்களுக்கு என்ன தெரியும்? லேஸ் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அருள்சகோதரியைத் தேடிப்போனோம். அவர் சொன்னதை உங்கள் வீட்டுப் பழைய மேசைவிரிப்புக்கும் தலையணை உறைக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

பருத்தியும் லினனும் வயதானால் காற்றுபட்டே பழுக்கும். சரியாக அலசாத சோப்பு, போட்ட கஞ்சி, உடம்பின் எண்ணெய், பெட்டியின் மரம், அடியில் விரித்த செய்தித்தாள் எல்லாம் சேர்ந்து அதை விரைவாக்கும். ஆகையால் முதலில் வெறும் தண்ணீர். வலைத்துணி ஒன்றின்மேல் ஆடையைப் பரப்பி, வலையோடு தண்ணீரில் இறக்க வேண்டும். நனைந்த துணியின் கனமே பழைய லேஸைக் கிழித்துவிடும் என்பதால், தூக்குவதும் வலையோடுதான். முதல் தண்ணீர் மஞ்சளாக வந்தது. மூன்று முறை மாற்றினோம்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில், குளோரின் இல்லாத வெளுப்புத்தூள். உறையில் சோடியம் பெர்கார்பனேட் என்று போட்டிருக்கும். ஐந்து லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி. இரவு முழுவதும் ஊறியது. தேய்க்கக்கூடாது, பிழியக்கூடாது. காலையில் தண்ணீர் கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. நன்றாக அலசி மறுபடியும் ஒருமுறை. பட்டு, கம்பளிக்கு இந்த முறை ஆகாது. வண்ணநூல் பூவேலை இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் போகிறதா என்று முன்னதாகவே பார்க்க வேண்டும்.

கொக்கி இருந்த இடத்தில் சிறு துருக்கறை. அதற்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, உடனே நிறைய தண்ணீரில் அலசினோம். இதையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், தாய்மாரே, நச்சுவாயு கிளம்பும். கடைசியில் பள்ளி மைதானத்துப் புல்லின்மேல் வெள்ளைப் படுக்கைவிரிப்பு போட்டு, அதன்மேல் ஆடையை ஈரத்தோடு பரப்பினோம். காயக் காயத் தண்ணீர் தெளித்தோம். மீதி வெளுப்பை வெயில் பார்த்துக்கொண்டது. பாட்டி குடையோடு பக்கத்தில் உட்கார்ந்து காக்கை விரட்டினார். மொத்தம் நான்கு நாள் ஆயிற்று. கறை போகும் முன்னே இஸ்திரி போட்டிருந்தால் சூட்டில் அது துணியோடு இறுகியிருக்கும்.

கழுத்தோரத்தில் ஒரு பழுப்பு வட்டம் மட்டும் போகவில்லை. பாத்திரம் கழுவும் சோப்புநீர் ஒரு சொட்டு விட்டு ஒற்றிப் பார்த்தோம், மங்கியது, மறையவில்லை. அருள்சகோதரி உற்றுப் பார்த்துவிட்டு, “இது எண்ணெய்” என்றார். கிறிஸ்மா தைலம் ஒலிவ எண்ணெயில் செய்வது. பட்ட அன்று கண்ணுக்குத் தெரியாது. காற்றோடு கலந்து ஆண்டுகள் கழித்துத்தான் நிறம் காட்டும். இன்னும் ஒருமுறை ஊறவைக்கலாமா என்று கேட்டோம். பாட்டி வேண்டாம் என்றார். “முதல்ல இதைப் போட்டது மூத்தவன். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமி தைலத்தைத் தாராளமாத்தான் பூசுனாரு.” அந்த மூத்த மகன் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் குழந்தை அந்த ஆடையை அணிந்தது. எண்ணெய் பூசும்போது எங்கள் கை கொஞ்சம் தயங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மறுநாளே ஆடையை அலசி, கஞ்சி போடாமல் காயவைத்தார்கள். கஞ்சிக்குப் பூச்சி வரும். துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஆண்டுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்கும் பொறுப்பைப் பேரனின் மனைவி ஏற்றுக்கொண்டிருக்கிறார். கிழிந்த பீடத்துணியின் மிச்சத்தைப் பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் ஒரு முழம் லேஸ் இன்னும் நன்றாக இருக்கிறதாம்.