பயனாளி என்றொரு சொல்



தொழிலுக்குரிய தனிச்சொற்களின்மீது எனக்கு யாதொரு விரோதமும் இல்லை. கொத்தனார் ‘ரசமட்டம்’ என்றும் ‘தூக்குக்குண்டு’ என்றும் சொல்லும்போது, சுவரிலே வைத்துப் பார்க்கத்தக்க ஒரு வஸ்துவைச் சொல்லுகிறார். சுவர் சாய்ந்திருந்தால் அந்த வஸ்துவே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் கண்டிக்க வந்திருப்பது, எதையும் அளந்து காட்டாமல், பேசுகிறவருக்குக் கௌரவத்தை மட்டும் தேடித்தருகிற நாகரிகச் சொற்களை.

‘மனிதவளம்’ என்கிறார்கள். நீர்வளம், கனிமவளம் என்னும் வரிசையிலே மனிதனையும் கொண்டுபோய் நிறுத்திய பிறகு, தோண்டி எடுப்பதும் தீர்ந்தபின் கைவிடுவதும் சகஜமான காரியங்களாகத் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன?

அதைவிட என் மனத்தை வருத்துவது ‘பயனாளி’ என்ற சொல். 2005-ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராமத்துக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டிலே 100 நாட்களுக்குக் குறையாமல் கூலிவேலை தரவேண்டும் என்றும், விண்ணப்பித்து 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி கொடுக்கவேண்டும் என்றும் விதித்தது. அதாவது, அதிகாரியின் முன் நிமிர்ந்து நின்று கேட்கும் பாத்தியதையை அக்குடும்பத்துக்கு அளித்தது. ஆனால் அறிக்கை எழுதுகிறவர்களின் பேனாவிலே அந்தக் குடும்பத்துப் பெண் ‘பயனாளி’ ஆனாள். பாத்தியதை உடையவள் என்ற நினைப்பு மறைந்து, யாரோ மனமிரங்கி ஈந்ததைக் கைநீட்டி வாங்கியவள் என்ற தோற்றம் வந்து சேர்ந்தது. அவள் வெயிலிலே வெட்டிய மண்ணுக்கு ‘வாழ்வாதார மேம்பாடு’ என்று பெயராயிற்று.

புதிய கருத்துக்குப் புதிய சொல் வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டும், ஜனங்களே அதைச் செய்தும் காட்டினார்கள். எந்த நிபுணர் குழுவும் கூடி ஆக்காமல், அவர்கள் வாயிலே பிறந்த பெயர் ‘நூறு நாள் வேலை’. அதிலே வேலை இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. ஏரிக்கரையிலே மண்வெட்டியோடு நின்ற ஒரு பாட்டி, “நாற்பது நாள்தானே ஆச்சு, மிச்சம் அறுபது எங்கே?” என்று கேட்பதற்கு அந்தப் பெயரே போதுமாயிருந்தது. வாழ்வாதார மேம்பாட்டிலே மிச்சம் எவ்வளவு என்று எவரால் கேட்க முடியும்?

ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊர்க் கிராமசபையிலே அறிக்கை வாசிக்கப்படும். ‘பயனாளிகள் மேம்பாடு அடைந்தனர்’ என்ற வாக்கியம் வரும்போது, வாசிக்கிறவரைச் சற்றே நிறுத்தி, எந்தத் தெருவில், யாருக்கு, எத்தனை ரூபாய், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.