வாளும் வனைகலமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சூளை மூட்டிய இரவில் குயவனுக்கு உறக்கம் இல்லை என்பது விருத்தாசலத்தார்க்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டிய செய்தியன்று. அகல்விளக்கும் பொம்மையும் பீங்கான் கலங்களும் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஊர் இது. நெருப்பு தாழ்ந்தால் பல நாள் உழைப்பு வீணாகும் என்பதை இங்குச் சிறுவரும் அறிவர். ஆதலின், ஜப்பானியச் சரித்திரப் படங்களையும் அந்நாட்டுக் குற்றக்கும்பல் படங்களையும் அவற்றின் இயக்குநர்களையும் பற்றிய இவ்வுரையை ஒரு சூளையிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

கென்ஜி மிசோகுச்சி இயக்கி 1953ஆம் ஆண்டில் வெளிவந்த படம் ‘உகெட்சு’. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த உவெதா அகினாரியின் பேய்க்கதைகளைத் தழுவியது. பதினாறாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலம். பிவா ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் கெஞ்சூரோ என்னும் குயவன் சூளையில் கலங்களை அடுக்கி நெருப்பு மூட்டியிருக்கிறான். அந்நேரத்தில் படை வருகிறது. ஊரார் உயிர்தப்பக் காட்டுக்குள் ஓடுகின்றனர். அவனோ சூளையை விட்டுவர மனமின்றித் திரும்புகிறான். நெருப்பு அணைந்துவிட்டது, ஆயினும் கலங்கள் பழுதின்றி வெந்திருக்கின்றன. போர்க்காலத்தில் கலத்திற்கு நல்ல விலை. அந்த ஆசை அவனை நகரத்துச் சந்தைக்கும், அங்கிருந்து ஆவியுருவான ஒரு சீமாட்டியின் மாளிகைக்கும் இழுத்துச் செல்கிறது. அவன் மைத்துனன் தோபேயின் ஆசை வேறு. அவனுக்குச் சாமுராய் ஆகவேண்டும். எவனோ வெட்டிய படைத்தலைவன் ஒருவனின் தலையைத் திருடிக் கொண்டுபோய்க் காட்டிக் குதிரையும் ஏவலாளரும் பெறுகிறான். அந்தப் பெருமிதத்தோடு நுழைந்த விலைமாதர் இல்லத்தில் தன் மனைவியையே காண்கிறான்.

குயவனின் மனைவி மியாகி பிள்ளையை முதுகில் சுமந்து வழி நடக்கையில், பசித்த போர்வீரர்கள் அவளிடமிருந்த உணவைப் பறித்து ஈட்டியால் குத்துகின்றனர். படத்தில் வரும் போரின் உச்சம் அதுவே. இரு பெரும்படைகள் மோதும் காட்சியைக் காட்டாமல், ஒரு தாயின் கையிலிருந்த உணவுக்காக நடந்த கொலையைக் காட்டிப் போர் இன்னதென்று மிசோகுச்சி சொல்லிவிடுகிறார்.

தமிழ்ப் புலவர்களுக்கு இப்பார்வை புதிதன்று. புறநானூற்றின் 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார், இறந்துபட்ட கிள்ளிவளவனுக்கு ஈமத்தாழி செய்யவேண்டிய குயவனை நோக்கிப் பேசுகிறார். அத்துணைப் பெரியவனை அடக்கும் தாழியை எங்ஙனம் வனைவாய் என்று இரங்குகிறார். 256ஆம் பாடலிலோ, கணவனை இழந்தவள் தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யென்று குயவனை வேண்டுகிறாள். சோற்றுப்பானைக்கும் ஈமத்தாழிக்கும் மண் ஒன்றே, வனையும் கையும் ஒன்றே. வீரத்தைப் பாடிய அதே தொகை, அவ்வீரம் சென்று முடியும் இடத்தைக் குயவனின் வாசலில் நின்று பார்த்திருக்கிறது. ஜப்பானியச் சரித்திரப் படங்களுள் தலைசிறந்தவை நிற்கும் இடமும் அதுவே. வாளேந்தியவனை அவை பார்ப்பது, அவனுக்குச் சோறிட்டவர் பக்கம் நின்று.

இப்பார்வை அந்நாட்டுத் திரையுலகிற்கு எளிதில் வாய்க்கவில்லை. தலைவனுக்காக உயிர்விடும் வீரனின் கதை அங்கு நெடுங்காலம் மேடையிலும் திரையிலும் கோலோச்சியது. போர்க்காலத்தில் அது அரசின் பிரசாரத்திற்கும் பயன்பட்டது. 1945இல் ஜப்பான் தோற்றபின், ஆக்கிரமிப்பு அதிகாரிகள் நிலப்பிரபுத்துவ விசுவாசத்தைப் போற்றும் படங்களுக்குத் தடை விதித்தனர். அகிரா குரோசாவா 1945இல் எடுத்த ‘புலியின் வாலை மிதித்தவர்கள்’ என்னும் படம் 1952ஆம் ஆண்டில்தான் திரைக்கு வந்தது. தடையும் தோல்வியும் சேர்ந்து இயக்குநர்களிடம் ஒரு கேள்வியை எழுப்பின: எந்த மானத்திற்காக இத்தனை பேர் மாண்டனர்?

குரோசாவாவின் ‘ரஷோமான்’ 1950இல் வெளிவந்து, மறு ஆண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. அகுதகாவாவின் இரு சிறுகதைகள் அதற்கு மூலம். காட்டில் ஒரு சாமுராய் இறந்து கிடக்கிறான். கள்வன், மனைவி, ஆவியாக வந்து பேசும் இறந்தவன், விறகுவெட்டி ஆகிய நால்வர் நான்கு விதமாகச் சொல்கின்றனர். ஒவ்வொருவரும் தம் பெருமையைக் காத்துக்கொள்ளும் வகையில் சொல்கின்றனர் என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது. இறந்தவனும் அதற்கு விலக்கல்லன். நால்வருள் எவர் சொன்னது உண்மை என்று படம் தீர்ப்புரைப்பதில்லை.

1952இல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் ‘ரஷோமான்’ காட்டப்பட்டது. அதன் கதைசொல்லும் முறை வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தரை ஆட்கொண்டது. ஏவி.எம். தயாரிப்பில், ஜாவர் சீதாராமனின் எழுத்தில், அவர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளிவந்தது. ஒரு பாடல்கூட இல்லாத தமிழ்ப் படம். வீணையையே வாழ்வாகக் கொண்ட ஒருவர் பாட்டைத் துறந்து படமெடுத்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல் வெளியீட்டில் படம் பொருளீட்டவில்லை. தேசிய விருதுக் குழுவின் நற்சான்றிதழ் மட்டும் வந்து சேர்ந்தது. 1950இல் வந்த ‘தி உமன் இன் க்வெஸ்சன்’ என்னும் ஆங்கிலப் படத்தோடு இதனை ஒப்பிடுவோரும் உண்டு. எவ்வாறாயினும், ஒரு சாவைப் பலர் பலவாறு சொல்லும் கதைமுறை தமிழில் வேர்பிடித்தது இப்படத்தால்தான்.

இதில் ஒரு வியப்பு அடங்கியிருக்கிறது. கதை நிகழ்வது 1943ஆம் ஆண்டுச் சென்னையில். ஜப்பானிய விமானம் நகரின்மீது குண்டு வீசிய அக்டோபர் மாதத்தில். சுட்டுக் கொல்லப்பட்டவன் இராஜன் என்னும் வானொலிப் பொறியாளன். சிவாஜி கணேசன் ஏற்ற அந்த இராஜன், ஜப்பானியருக்கு உளவு சொன்னவன். ஜப்பானியக் கலைஞரிடம் கற்ற முறையைக் கொண்டே, ஜப்பானியப் படைக்குத் துணைபோன ஒரு தமிழனின் கதையைப் பாலச்சந்தர் சொன்னார். சந்தேகம் ஒவ்வொருவராய்ச் சுற்றிவந்து, பண்டரிபாய் ஏற்ற மனைவி உஷாவிடம் முடிகிறது. கணவன்மீது கொண்ட அன்பு ஒருபுறம். நாட்டின்மீது கொண்ட பற்று மறுபுறம். ‘ரஷோமான்’ திறந்தே விட்டுச்சென்ற கதவை ‘அந்த நாள்’ சாத்திவிடுகிறது. உண்மை இன்னதென்று முடிவில் தெரிந்துவிடுகிறது.

இதனைக் குறையென்று கூறுவோர் உளர். ஆயின் பாலச்சந்தர் வேறொரு வாசலைத் திறந்தார். உண்மை தெரிந்தபின்னும் உஷாவுக்கு ஆறுதல் இல்லை. கணவனே தெய்வமென்று திரையில் பாடிக்கொண்டிருந்த காலத்தில், கணவனைச் சுட்டவளைப் பார்த்துப் பார்வையாளர் இரங்கும்படி அவர் செய்தார்.

உஷாவின் இந்த நெருக்கடிக்கு ஜப்பானிய மொழியில் பெயருண்டு. ‘கிரி’ என்பது ஒருவன் பட்ட கடன். ‘நிஞ்ஜோ’ என்பது மனிதனுக்கு இயல்பான ஈரம். இரண்டுக்கும் இடையே கிழிபடுபவனே அந்நாட்டுக் கதைகளின் நாயகன். ‘கிரி’ என்பதற்கு மிக அண்மையான தமிழ்ச் சொல் செஞ்சோற்றுக்கடன். கர்ணனைத் தமிழர் இத்தனை நேசிப்பதும், 1964இல் வந்த ‘கர்ணன்’ படம் இன்றளவும் கண்ணீர் வரவழைப்பதும் அக்கடனின் பொருட்டே. ஆனால் அச்சோறு எவர் விளைத்தது என்று குருக்ஷேத்திரத்தில் எவரும் கேட்கவில்லை.

குரோசாவா கேட்டார். ‘அந்த நாள்’ வந்த அதே 1954ஆம் ஆண்டில் வெளியான ‘ஏழு சாமுராய்கள்’ படத்தில், கொள்ளையரிடமிருந்து ஊரைக் காக்கக் குடியானவர்கள் சாமுராய்களை அமர்த்துகின்றனர். கூலி, மூவேளைச் சோறு. அரிசிச் சோற்றைக் காவலர்க்கு அளித்துவிட்டுத் தாம் சிறுதானியத்தால் வயிறு நிரப்புகின்றனர். அதனை உணர்ந்த கணமே அச்சாமுராய்களின் முகம் மாறுகிறது. போர் முடிந்து நால்வர் மண்மேடுகளாகிவிட, எஞ்சிய மூவருள் மூத்தவன், வென்றவர்கள் நடவுநடும் அந்தக் குடியானவர்களே என்று அமைதியாகச் சொல்கிறான்.

மசாகி கோபயாஷி இன்னும் கடுமையானவர். போரில் மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்ட அவர், சிப்பாய் நிலையிலிருந்து பதவி உயர்வு பெற மறுத்தவர். அவருடைய ‘ஹராகிரி’ (1962) நிகழ்வது 1630ஆம் ஆண்டில். வேலையிழந்து வறுமையுற்ற இளம் சாமுராய் ஒருவன் ஈயீ குலத்து மாளிகைக்கு வந்து, மானம் காக்க அங்கு வயிற்றைக் கிழித்துக்கொள்ள இடம் கேட்கிறான். சில காசு கொடுத்து அனுப்பிவிடுவர் என்பது அவன் நம்பிக்கை. நோயுற்ற மனைவிக்கும் பிள்ளைக்குமாக வாளை முன்பே விற்றுவிட்டான். உறையில் இருப்பது மூங்கில். மானத்தைப் பேசும் மாளிகை அந்த மூங்கிலாலேயே அவனைக் கிழித்துக்கொள்ளச் செய்கிறது. பின்னர் அவன் மாமனார் அதே முற்றத்தில் வந்தமர்ந்து, குலத்தின் பொய்ம்மையை ஒவ்வொன்றாக உரித்துக் காட்டுகிறார். முடிவில் அவர் மாள்கிறார். உடைந்த மூதாதையர் கவசம் ஒட்டவைக்கப்பட்டு மீண்டும் பீடமேறுகிறது. குலத்தின் குறிப்பேட்டில், குறிப்பிடத்தக்க தீங்கொன்றும் நிகழவில்லை என்று எழுதப்படுகிறது.

இந்தக் குறிப்பேடு விருத்தாசலத்துக்குத் தொலைவில் உள்ளதன்று. 2003ஆம் ஆண்டில் இவ்வூருக்கு அண்மையில், சாதி கடந்து மணந்த இளைஞனும் பெண்ணும் குடும்ப மானத்தின் பெயரால் நஞ்சூட்டப்பட்டு, உடல்கள் எரிக்கப்பட்டன. முதலில் எழுதப்பட்ட வழக்குக் குறிப்பு உண்மையை மறைத்தது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்து, 2021இல் கடலூர் நீதிமன்றம் தண்டனை வழங்கிற்று. 2025இல் உச்சநீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. தண்டனை பெற்றோருள் காவல்துறையைச் சேர்ந்த இருவரும் அடங்குவர். மானம் என்னும் சொல்லைக் கவியரங்கில் எடுக்கும் முன், அதற்கு இங்கு எவர் விலை கொடுத்தனர் என்பதைக் கவிஞர் நினைவுகூர்தல் தகும்.

சாமுராயின் கடனைப் பின்னாளில் சுமந்தவர்கள் யாகூசா எனப்படும் குற்றக்கும்பலைச் சேர்ந்தவர்கள், திரையிலேனும் அப்படி. 1960களில் தோயே நிறுவனம் எடுத்த படங்களில் கென் தகாகுரா போன்ற நாயகர்கள் அநீதியை நெடிது பொறுத்து, இறுதியில் தனியே வாளேந்திச் சென்று கடன் தீர்த்தனர். மக்கள் கொண்டாடினர். செய்ஜுன் சுசுகி அக்கதைகளையே வண்ணக் கேலியாக மாற்றினார். 1967இல் அவர் எடுத்த ‘கொலைக்கு முத்திரை’ புரியவில்லையென்று நிக்காட்சு நிறுவனம் அவரை நீக்கியது. அவர் வழக்காடினார், பத்தாண்டுகள் அவருக்குப் படமில்லாமற் போயிற்று.

அக்கடனை அடியோடு மறுத்தவர் கின்ஜி ஃபுகாசாகு. போர் முடிந்தபோது அவருக்கு வயது பதினைந்து; ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்து, குண்டுவீச்சில் இறந்தவர்களின் உடல்களை அகற்றியவர். 1973இல் வந்த ‘மானமும் மனிதமும் அற்ற போர்கள்’ அணுகுண்டுப் புகையோடு தொடங்குகிறது. அடுத்த காட்சி, பசியும் கள்ளச்சந்தையுமாகக் கிடக்கும் கூரே நகரம். தலைவனுக்காகச் சிறை செல்பவன் இளைஞன். அவன் தியாகத்தை விற்றுத் தின்பவன் தலைவன். ஒவ்வொருவன் சாகும்போதும் காட்சி உறைந்து, பெயரும் நாளும் எழுத்தில் தோன்றுகின்றன. ஈயீ குலத்துக் குறிப்பேடு விட்டுவிட்டதை ஃபுகாசாகு இவ்வாறு எழுதினார். இறுதியில் நாயகன் நண்பனின் இழவுவீட்டுப் படையலையே துப்பாக்கியால் சுடுகிறான். பொய்யாக மரியாதை செய்யவந்த கூட்டம் வாயடைத்து நிற்கிறது.

தமிழிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. 1987இல் மணிரத்னத்தின் ‘நாயகன்’, பம்பாய்க் குடிசைகளின் காவலனாய் எழுந்த ஒருவனை, அவன் பேரக்குழந்தையின் எளிய கேள்விக்குமுன் விடையின்றி நிறுத்திற்று. 2004இல் கமல்ஹாசனின் ‘விருமாண்டி’, சிறையிலுள்ள இருவர் வாய்மொழியாக ஒரே நிகழ்ச்சியை இருமுறை சொல்லி, தூக்குத் தண்டனையைக் கேள்விக்குள்ளாக்கிற்று. ‘அந்த நாள்’ நட்ட செடி ஐம்பது ஆண்டு கழித்து மதுரைப்பக்கத்து மண்ணில் காய்த்தது எனலாம். ஆயினும் அரிவாளைத் தூக்கியவனே தெய்வம் என்று காட்டும் படங்களே எண்ணிக்கையில் மிகுதி. அரிவாள் அடுத்த காட்சியில் எவர் வீட்டு அடுப்பை அணைத்தது என்று அவை பார்ப்பதில்லை.

பத்தாண்டுகள் கவிதையைப் போற்றிவந்த வட்டத்திற்கு இவ்வியக்குநர்கள் விட்டுச்செல்லும் செய்தி ஒன்றுண்டு. கவியரங்க மேடையில் வாள் ஓர் எளிய உவமை. கைதட்டல் உடனே வரும். அந்த வாளுக்குச் சோறிட்டவளையும், அது சாய்த்தவனுக்குத் தாழி வனைந்தவனையும் பாடுவது அரிது. அதனைப் பாடிய மரபு புறநானூற்றிலேயே கிடக்கிறது.

‘உகெட்சு’ படத்தின் முடிவில் கெஞ்சூரோ வீடு திரும்புகிறான். மியாகி விளக்கேற்றிக் காத்திருக்கிறாள், சோறாக்கி இடுகிறாள், அவன் உறங்குகிறான். விடிந்தபின், அவள் முன்பே இறந்துவிட்டாள் என்று ஊரார் சொல்கின்றனர். அவன் மீண்டும் சக்கரத்தில் மண்ணை வைக்கிறான். அவள் குரல் மட்டும் அருகிருந்து அவனுக்குத் துணைசெய்கிறது. கலம் வனைந்து முடிந்ததும் சிறுவன் தன் பங்குச் சோற்றைத் தாயின் கல்லறைமுன் கொண்டுபோய் வைக்கிறான்.