உபாத்தியாயர் கடல் தாண்டலாமா?

(புதுக்கோட்டை ஜில்லாவில் ஆசிரியர்களும் கிராமத்துத் தோழர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நம் சர்க்கார் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் அந்நிய நாட்டுக்குப் போய், அங்குள்ள ஓர் உபாத்தியாயருக்குப் பக்கத்தில் நிழல்போல் இருந்து, அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டு வருவது அவசியமா என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறேன். இதைக் கேட்டவுடனே, "வாத்தியாருக்கு எதற்கப்பா ஏரோப்பிளேன்?" என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் அப்படிச் சிரிக்கிறவர்களில் எத்தனை பேருடைய பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறது என்பதை மாத்திரம் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று சாஸ்திரம் சொல்லிக்கொண்டிருந்தவர்களே பரீட்சைக்கும் உத்தியோகத்திற்கும் கப்பலேறினார்கள். திரும்பி வந்து பிராயச்சித்தம் என்று ஒன்றைச் செய்து சரிக்கட்டிக் கொண்டார்கள். நம் புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு வெள்ளைக்கார அம்மையை மணந்து, கடைசிக் காலத்தை ஐரோப்பாவில் கழித்து, 1928-ல் பாரிசிலேயே இறந்தார். ராஜா போனார். சாஸ்திரிகள் வீட்டுப் பிள்ளை போனார். அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கத்து ஏழை, பிழைப்புக்காகச் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போனான். இன்று துபாய்க்கும் போகிறான். தகப்பன் துபாயில் இருக்கிறான். அவன் பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிறவர் மாத்திரம் திருச்சிக்கு அப்பால் ஒரு வகுப்பையும் பார்க்கக்கூடாது என்றால், இதில் என்ன நியாயம் இருக்கிறது?

கொத்தனார் வேலை கற்கிறவன் புஸ்தகம் படித்தா கற்கிறான்? கையாளாக நின்று, மேஸ்திரி கரண்டி பிடிக்கிற விதத்தைப் பார்த்தல்லவா கற்கிறான்! வக்கீலுக்கு ஜூனியர் உண்டு. டாக்டருக்குப் படிக்கிறவர் பெரிய டாக்டர் பின்னாலேயே வார்டு வார்டாகச் சுற்றுகிறார். உபாத்தியாயருக்கு மாத்திரம் பயிற்சிக் காலம் முடிந்துவிட்டால், பிறகு ஓய்வு பெறுகிற வரையில் அவர் வகுப்புக்குள் அவர் ஒருவரேதான். நடுநடுவே பயிற்சி என்று கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, யாரோ ஒருவர் பிரசங்கம் செய்து அனுப்பிவிடுகிறார். நீந்தக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கரையில் நிறுத்திப் பிரசங்கம் செய்தால் எவனாவது நீந்துவானா?

ஐரோப்பாவில் இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. எராஸ்மஸ் என்று ஒரு திட்டம். அதன்படி ஓர் உபாத்தியாயர் 2 நாள் முதல் 60 நாள் வரையில் வேறொரு நாட்டுப் பள்ளியில் இன்னொருவர் கூடவே இருந்து வேலையைப் பார்க்கலாம். அமெரிக்காவில் புல்பிரைட் உதவியில் நடக்கிற ஆசிரியர் திட்டமொன்றில் 6 வாரம் தங்கவேண்டும். அதில் 40 மணி நேரமாவது அந்நாட்டுப் பள்ளி வகுப்பில் இருக்கவேண்டும். நம் தேசத்து உபாத்தியாயர்களும் அதற்கு மனுப் போடலாம்.

போய்ப் பார்த்து வருவதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு, இந்த ஊரிலே பிறந்த ஒருவரையே காட்டுகிறேன். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, பெண் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று பலர் கூச்சல் போட்டதையும் மீறி மகாராஜா காலேஜில் படித்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், 1925-ல் சர்க்கார் உதவியோடு லண்டனுக்குப் போனார். தாய், குழந்தை வைத்தியத்தையும், அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் நேரில் பார்த்தார். 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்தது. அந்தக் கப்பல் கூலிக்குக் கணக்குப் பார்க்க எவனாலாகும்?

இப்போது நம் சர்க்கார் காரியத்திற்கு வருகிறேன். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டுச் சர்க்கார், கனவு ஆசிரியர் என்று தேர்ந்தெடுத்த 55 உபாத்தியாயர்களைப் பிரான்சுக்கு அனுப்பியது. நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் அதைக் கல்விச் சுற்றுலா என்றார்கள். அந்தப் பெயரில்தான் எனக்குச் சண்டை. சுற்றுலா என்றால் பரிசு. பரிசு கொடுத்தால் வாங்கினவருக்குச் சந்தோஷம். அவர் வகுப்புப் பிள்ளைக்கு என்ன வந்தது? சில நாளில் கோபுரம், மியூசியம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பார்ப்பதைவிட, ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில், கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்திருப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். கணக்கு வராத பிள்ளையிடம் அந்த அம்மாள் என்ன சொன்னாள், அடிக்காமல் எப்படி அடக்கினாள், தப்பாகச் சொன்ன பதிலை எப்படிச் சரியான பதிலுக்குக் கொண்டுவந்தாள் என்பதெல்லாம் முதல் நாளில் கண்ணுக்குப் படாது.

டில்லியில் 2023-ல் நடந்த கூத்து உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். ஆரம்பப் பள்ளிக்காரர்களைப் பின்லாந்துக்கு அனுப்புகிறோம் என்று மந்திரிசபை சொல்ல, அதனால் வரும் லாபமென்ன, இதை நம் தேசத்திலேயே செய்யமுடியாதா என்று துணைநிலை கவர்னர் கேட்க, ஜனவரியில் மந்திரிகளே வீதியில் ஊர்வலம் போனார்கள். மார்ச்சில் 87 பேர் போகச் சம்மதம் வந்தது. கணக்குக் கேட்டதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஜனங்கள் பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெரிய உத்தியோகஸ்தர்கள் போகிற பிரயாணங்களுக்கெல்லாம் இதே கேள்வியை இவ்வளவு உரக்க யாராவது கேட்டதுண்டா?

போனால் அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சொர்க்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அது பிரான்சிலும் இல்லை. அங்கும் பிழைக்க வந்த ஏழைகளின் பேட்டைப் பள்ளி வேறு, பணக்காரன் பிள்ளை படிக்கிற பள்ளி வேறு. நம்மவர் போய் உட்காரவேண்டியது அந்தப் பேட்டைப் பள்ளியில்தான். பின்லாந்துக்குப் போகிறவர் நாட்டுப்புறச் சிறு பள்ளிக்குப் போகட்டும். அங்கும் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து ஒருவரே நடத்துவதுண்டு. கறம்பக்குடிப் பக்கத்து ஈராசிரியர் பள்ளிக்கு அது உதவும்.

இன்னொரு சங்கதி. பிரான்சில் 1882-லேயே சட்டம் போட்டு, சர்க்கார் ஆரம்பப் பள்ளியிலிருந்து மத போதனையை எடுத்துவிட்டார்கள். அங்கே தங்குகிற நாளெல்லாம் நம் உபாத்தியாயரை ஒருவரும் "நீங்கள் என்ன ஆளுக?" என்று கேட்கமாட்டார்கள். இந்தக் கேள்வி காதில் விழாத இரண்டு வாரத்தை வாழ்நாளில் அறியாதவர்கள் நம்மில் அநேகர். நான்குநேரியில் பள்ளிப் பிள்ளைகளே ஒரு பிள்ளையை வெட்டியது 2023-ல். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் ஜாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் ஜாதி கூடாது என்று எழுதவேண்டியிருந்தது. வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது இதே ஜில்லாவில், 2022 டிசம்பரில். இந்த ஊர்க் காற்றை விட்டு வெளியே நின்று தன் வகுப்பை நினைத்துப் பார்க்கிற உபாத்தியாயருக்கு, யாரை எங்கே உட்காரவைத்தோம் என்பது அங்கேதான் உறைக்கும்.

நாம் மாத்திரம் போகவேண்டும் என்பதில்லை. அவர்களும் வரட்டும். பின்லாந்தில் எல்லாப் பிள்ளைக்கும் இலவசச் சாப்பாடு 1948-ல் நடைமுறைக்கு வந்தது. சென்னைக் கார்ப்பரேஷன் பள்ளியில் தியாகராயர் 1920-லேயே ஆரம்பித்துவிட்டார். நம் சத்துணவுக் கூடத்தில் ஒரு வாரம் கூட இருந்து பார்த்தால் அவர்களுக்கும் பாடம் உண்டு.

ஆகவே சர்க்காரைக் கேட்பது இதுதான். ஆரம்பப் பள்ளியாரையும், பெண்களையும், ஒதுக்கப்பட்ட சமூகத்தாரையும் முதலில் அனுப்புங்கள். இங்கிலீஷ் சரளமாக வராது என்று தள்ளாதீர்கள், துபாஷி வைத்துக்கொள்ளலாம். போகிற நாளுக்குப் பள்ளியில் மாற்று ஆள் போடுங்கள். திரும்பி வந்தவருடைய வகுப்பைப் பக்கத்துப் பள்ளியார் மாதம் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்க உத்தரவு போடுங்கள்.

பெற்றோர்களாகிய உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு என்று உங்கள் கையில் ஒன்று இருக்கிறதே, அதைக் கூட்டி, போய் வந்த உபாத்தியாயரை அழையுங்கள். சால்வை போடவேண்டாம். "என்ன பார்த்தீர்கள், திங்கட்கிழமை முதல் எங்கள் பிள்ளைக்கு எதை மாற்றப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள்.