வேப்பமரத்தடியில் இறங்குகிறவன்

(மதுரையில் நடந்த மாணவர் குறும்படத் திரையிடலின் முடிவில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



படம் பதினாலு நிமிஷம். அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படத்தில் சொல்லாமல் விட்டது நிறைய இருப்பதால் எனக்கும் பேச வேண்டியிருக்கிறது. இதில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் செய்த தப்பைத்தான் சொல்லப் போகிறேன்.

பின்னால் வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஊர். பத்தாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பையன்கள். ஒருவன் ஊர்க்காரன், இன்னொருவன் காலனிக்காரன். பதினொன்றாம் வகுப்புக்குப் போனால்தான் அரசாங்க சைக்கிள் வரும். அதுவரைக்கும் ஊர்ப் பையனின் சைக்கிளில் இரண்டு பேரும் டபுள்ஸ் போகிறார்கள். மிதிப்பவன் எப்போதும் காலனிப் பையன். பள்ளிக்கூடத்தில் மணிக்கட்டுக் கயிறு பற்றி ஒரு சண்டை வருகிறது. காலனிப் பையன் அடி வாங்குகிறான். கூட்டாளி பார்த்துக்கொண்டு நிற்கிறான், வாய் திறக்கவில்லை. மறுநாள் அவன் தனியாக சைக்கிளில் போகிறான், இவன் நடந்து போகிறான். இவ்வளவுதான் படம்.

நான் எழுதிய முடிவு வேறு. கடைசியில் ஊர்ப் பையன் காலனி முனையில் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, 'ஏறுலே' என்பான். இவன் சிரிப்பான், ஏறுவான். படம் முடியும். ஏன் அப்படி எழுதினேன்? எனக்கும் எட்டாம் வகுப்பில் ஒரு கூட்டாளி இருந்தான். அவன் வீட்டுக்கு நான் போவேன், பின்வாசல் வரைக்கும். தண்ணி கேட்டால் அவன் அம்மா சிரித்த முகமாகக் கொடுப்பார்கள், பிளாஸ்டிக் செம்பில். அந்தச் செம்பு தொழுவத்தில் இருக்கும் செம்பு என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசினது கிடையாது. அதைப் பேசாமல் இருந்ததால்தான் நாங்கள் கூட்டாளிகளாக இருக்க முடிந்தது. பள்ளிக்கூடம் முடிந்ததும் அவன் போய்விட்டான். அவன் ஒரு தடவை 'ஏறுலே' என்று சொல்லியிருக்கலாமே என்ற ஏக்கத்தை நான் சினிமாவாக எடுக்கப் பார்த்தேன். ஏக்கத்தை வைத்து எழுதுகிற முடிவு பொய்யாகத்தான் இருக்கும். இது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

திரைப்படக் கல்லூரியில் பையன்களைப் பற்றிய படங்கள் நிறையப் போட்டுக் காட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் 'குழந்தைமை', 'களங்கமின்மை' என்று இரண்டு வார்த்தையில் விளக்கம் கொடுத்துவிடுவார்கள். லூயி மால் என்கிற பிரெஞ்சு இயக்குநர் 1987இல் எடுத்த ஒரு படம் எனக்கு அப்படிப் படவில்லை. 1944, செர்மானிய நாசிகள் பிடித்து வைத்திருந்த பிரான்சு. கிறித்தவத் துறவிகள் நடத்துகிற விடுதிப் பள்ளியில் பெயரை மாற்றி ஒளித்து வைத்திருக்கும் யூதப் பையன் ஒருவன், பணக்காரக் கத்தோலிக்கப் பையன் ஒருவன். இரண்டு பேரும் சினேகமாகிறார்கள். ஒரு நாள் கெசுடாபோ அதிகாரி வகுப்புக்குள் வந்து யூதப் பையன் யார் என்று கேட்கிறான். ஒருத்தரும் சொல்லவில்லை. அதிகாரி திரும்பின நேரத்தில் இந்தக் கத்தோலிக்கப் பையன் கூட்டாளியை ஒரு பார்வை பார்த்துவிடுகிறான், அவ்வளவுதான். அதிகாரி அதைக் கண்டுவிடுகிறான். இது மால் படித்த பள்ளியில் நடந்ததை வைத்து எடுத்த படம். பிடித்துக்கொண்டு போன பையன்கள் ஆசுவிட்சு முகாமில் கொல்லப்பட்டார்கள். அவர் அதைப் படமாக எடுக்க 43 வருசம் ஆகியிருக்கிறது.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. கூட்டாளியை நேசித்தவன்தான். அதனால்தான் அவன் கண் அங்கே போனது. கூட இருக்கிறவனுக்குத்தான் எல்லாம் தெரியும். நம்மிடம் எந்த செம்பு எந்த ஆளுக்கு, எந்தத் தெருவில் யார் இறங்கணும் என்பதெல்லாம் கூட்டாளிக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்?

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் படப்பிடிப்புக்குப் போனேன். நடிக்கத் தெரிந்த பையன்கள் வேண்டாம், நிசமான கூட்டாளிகள் வேண்டும் என்று தேடினேன். கிடைத்தார்கள். காலனிப் பையனின் அம்மாவிடம் கதை முழுவதும் சொன்னேன். ஊர்ப் பையனின் அப்பாவிடம் 'நட்பைப் பற்றிய படம்' என்று மட்டும் சொன்னேன். சாதி என்ற வார்த்தையை நான் எடுக்கவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று தெரியும். இது முதல் தப்பு.

மூன்றாம் நாள் காலையில் சைக்கிள் காட்சி. கேமராவைத் தெருவின் மறு முனையில், டீக்கடை ஓரமாக வைத்திருந்தோம். தூரத்திலிருந்து இரண்டு பேரும் சைக்கிளில் நேராக எங்களை நோக்கி வர வேண்டும். காலனிப் பையன் மிதிக்கிறான், மற்றவன் கேரியரில். தெரு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அங்கே வந்ததும் மிதித்துக்கொண்டு வந்த பையன் இறங்கிவிட்டான். கேரியரில் இருந்தவன் சீட்டுக்கு மாறி, மிதித்து வந்து எங்கள் பக்கத்தில் காலை ஊன்றி நின்றான். இவன் பின்னாலேயே தெரு ஓரமாக நடந்து வந்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நான் கட் சொல்லிவிட்டுப் போய்க் கேட்டேன், ஏன்டா இறங்கினே?

'இங்ஙன இறங்கிருவேம்ணே' என்றான்.

மற்றவன் சொன்னான், 'அவன் எப்பமும் இங்ஙனதாம்ணே இறங்குவான்.'

இரண்டு பேர் முகத்திலும் கோபமோ வெட்கமோ இல்லை. சோறு தின்றால் கை கழுவுவோம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்கள்.

நமக்குச் சட்டம் இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2015இல் அதைத் திருத்தியபோது, தலித்துகள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறிப் போவதைத் தடுத்தால் குற்றம் என்று சைக்கிளைப் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். சரி, இங்கே தடுத்தவன் யார்? யாரும் தடுக்கவில்லை. மரத்தைப் பார்த்ததும் அவனே இறங்குகிறான். அவன் அப்பா இறங்கியிருப்பார், தாத்தா இறங்கியிருப்பார். புகார் எழுதினால் எதிரி என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது? கேரியரில் உட்கார்ந்திருந்த கூட்டாளி பெயரையா?

சாயங்காலம் எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஃபோகஸ் பார்த்த நண்பர் சைக்கிளைத் தொடர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அவரும் தொடர்ந்திருக்கிறார். பையன் இறங்கினதும் ஃபோகஸ் சைக்கிளோடு போய்விட்டது. இறங்கினவன் பின்னால் மங்கலாகிவிட்டான். கேமராவை வைத்தவன் நான். நானும் காலனிக்காரன்தான். ஆனாலும் என் கேமரா வேப்பமரத்தடியில் அவனை விட்டுவிட்டு வந்துவிட்டது.

அன்று காலையில் எனக்கு இந்த யோசனையெல்லாம் இல்லை. கோபம்தான் வந்தது. 'இறங்காம வாடா' என்றேன். இரண்டாவது டேக். மரத்தடியில் கால் தானாக ஊன்றிவிட்டது. நான் சத்தம் போட்டேன். யூனிட் முழுக்கப் பார்க்க, ஆதிக்க சாதித் தெருவில் வைத்து, என் சாதிப் பையனை நான் வைதேன். மூன்றாவது டேக்கில் அவன் இறங்காமல் தெரு முழுக்க மிதித்து வந்தான். நான் நினைத்த ஷாட் கிடைத்தது. கைதட்டினேன். அந்தத் திண்ணைகளில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி ஊர்ப் பையனின் அப்பா நாங்கள் தங்கியிருந்த இடத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. 'தம்பி, பையனுக்குப் பரீட்சை வருது, நாளையிலேருந்து வரமாட்டான்' என்றார். அவ்வளவுதான் பேச்சு. பையனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. விடிந்ததும் காலனிப் பையனின் அம்மா வந்தார்கள். 'நீங்க படத்த எடுத்துட்டுப் போயிருவிய. நாங்க இங்ஙனதான கெடக்கணும்?' என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

அந்த அம்மா பயப்பட்டதில் என்ன தப்பு? 2023 ஆகஸ்டு 9ஆம் தேதி ராத்திரி நாங்குநேரியில் என்ன நடந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கூடப் படித்த மாணவர்கள் எடுபிடி வேலை சொல்லித் தொல்லை கொடுத்தார்கள் என்று ஒரு தலித் மாணவன் பள்ளிக்கூடத்தில் சொன்னான். வீடு புகுந்து அவனையும் தங்கச்சியையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டினவர்கள் எங்கிருந்தோ வந்த கூலிப்படை இல்லை, பள்ளிக்கூடத்துப் பையன்கள். அந்த மாணவன் அடுத்த வருசமே பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 469 மதிப்பெண் வாங்கிக் காட்டினார். அந்த வெட்டுச் சம்பவம் நடந்த பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு போட்டார்கள். 2024 சூனில் அறிக்கை வந்தது. கயிறு கட்டக் கூடாது, சாதி நிறம் பூசின சைக்கிளில் வரக் கூடாது, பெயர் அகரவரிசைப்படி மாணவர்களை உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல பரிந்துரைகள். நாம் போராடி அமல்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அகரவரிசை பள்ளிக்கூட வாசல் வரைக்கும்தான். வேப்பமரத்தடியில் எந்த வரிசைப்படி இறங்குவது?

ஆக, கூட்டாளியும் இல்லாமல் சைக்கிளும் இல்லாமல் படத்தை முடிக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் கடைசியில் அவன் நடந்து போகிறான். நடந்து போகிறவன் எங்கேயும் இறங்க வேண்டியதில்லை. அது நான் யோசித்து வைத்த முடிவு இல்லை, அந்த ஊர் எழுதிக் கொடுத்த முடிவு.

எடிட்டிங்கில் முதல் டேக்கைத்தான் வைத்தேன், அவன் இறங்குவதை, ஃபோகஸ் போனதை, அப்படியே. மூன்றாவதை எடுத்துவிட்டேன். கல்லூரித் திரையிடலில் 'இப்பவும் இப்படியெல்லாம் நடக்குதா, மிகையா இருக்கே' என்றார்கள். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நம் தோழர்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். 'எத்தனை காலத்துக்கு இறங்குறவனையே காட்டுவீங்க? ஏறிப் போறவனைக் காட்ட வேண்டாமா?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மராத்தியில் நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' 2013இல் வந்தது. கடைசியில் அந்தப் பையன் எறிகிற கல் கேமராவை நோக்கி, நம்மை நோக்கி வருகிறது. அப்படி ஒரு கல் உன் படத்தில் எங்கே என்று கேட்கிறார்கள்.

நான் அப்போது சொன்ன பதில்: மூன்றாவது டேக்கில் அவன் ஏறிப் போனது என் உத்தரவு. முதல் டேக்கில் தெருவுக்குப் பயந்து இறங்கினான், மூன்றாவதில் எனக்குப் பயந்து ஏறினான். அதை விடுதலை என்று சொல்லிக் காட்ட எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை. இப்படிச் சொன்னேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

பரீட்சை முடிந்த பிறகு படத்தைக் காட்ட அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மடிக்கணினியில் பார்த்தார்கள். படம் முடிந்தது. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: 'அண்ணே, நான் ஓட்டிட்டுப் போனம்லா, அது எங்க?'

தோழர்களே, நான் அவன் சார்பாக எவ்வளவு யோசித்திருந்தேன்! அந்த ஓட்டம் அவனுடையது இல்லை என்று நானே தீர்ப்பு எழுதி, நானே வெட்டி, கைதட்டலும் வாங்கிவிட்டேன். அவனிடம் மட்டும் கேட்கவில்லை. திட்டு வாங்கித்தான் ஏறினான், உண்மை. ஆனால் தெரு முழுக்க மிதித்தது அவன் காலாச்சே. அவன் குடும்பத்தில் அந்தத் தெருவில் சைக்கிளில் போன முதல் ஆள் அவனாக இருக்கலாம். அதை அவன் மறக்கவில்லை, நான் வெட்டி எறிந்துவிட்டேன். முதல் தடவை ஏறச் சொல்லி உத்தரவு போட்டேன், இரண்டாம் தடவை படத்திலிருந்தே இறக்கிவிட்டேன்.

மூன்றாவது டேக் வன்தட்டில் இருந்தது. போட்டுக் காட்டினேன். நாலு தடவை பார்த்தான். அவன் தன்னைப் பார்க்கவில்லை. கேரியரைக் காட்டி, 'அவன் தலையக் குனிஞ்சிருக்கான் பாத்தியளா. அவனுக்கும் பயம்லா' என்றான். இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்களா என்று கேட்டேன். 'பள்ளிக்கூடத்துக்குள்ள பேசுவான்' என்றான்.

நம் சினிமாவும் பாடப்புத்தகமும் நட்புக்குச் சாதியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. நான் பார்த்த அளவில், சாதியை வலிக்காமல் கற்றுக்கொடுக்கிற இடமே நட்புதான். பிரியமாகவே கற்றுக்கொடுக்கிறது. அதற்காக அந்த நட்பைப் பொய் என்று தள்ளவும் எனக்கு இனி மனசு வராது. தலையைக் குனிந்தாலும் மூன்றாவது டேக்கில் அவன் கேரியரை விட்டு இறங்கவில்லை. அதையும் நான் பார்க்கவில்லை, இவன்தான் பார்த்தான்.

அந்த டேக்கை இன்று ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அவன் சேர்க்கச் சொல்கிறான். அவன் அம்மா வேண்டாம் என்கிறார்கள். அவனுக்கு இன்னும் இரண்டு வருசம் அதே பள்ளிக்கூடம், அதே தெரு. இங்கே உட்கார்ந்து நாம் கைதட்டுவதற்கு அங்கே அவன் விலை கொடுக்கக் கூடாது. இந்தக் கூட்டத்தில் அந்தப் பக்கம் வேலை செய்கிற தோழர்கள் இருக்கிறீர்கள். அந்தத் தெருவில் முதலில் அமைப்பு போகட்டும், காலனிச் சனங்களோடு பேசட்டும், பத்துப் பேர் சைக்கிளில் ஏறிப் போகட்டும். கேமரா பின்னால் வரலாம். நான் தனியாகக் கேமராவை முன்னால் கொண்டுபோனேன், ஒரு பையனுக்குக் கூட்டாளி போனான்.

அதுவரைக்கும் மூன்றாவது டேக் என்னிடம் பத்திரமாக இருக்கும். அது அவனுடையது. அவனும் அவன் அம்மாவும் சேர்ந்து எப்போது சொல்கிறார்களோ அன்றைக்குப் படத்தில் சேர்ப்பேன்.