பெல்ட் இல்லாத காலத்துக் கராத்தே



கராத்தே மாஸ்டருக்கு உங்கள் கல்லூரிப் பட்டமளிப்பு விழா மேடையில் என்ன வேலை என்று சிலர் யோசிக்கலாம். நானும் பட்டம் கொடுக்கிற ஆள்தான். நீங்கள் தாளில் வாங்குகிறீர்கள், என் பிள்ளைகள் துணியில் வாங்குகிறார்கள்.

வெள்ளகோவிலில் என்னிடம் பிள்ளைகளைச் சேர்க்க வருபவர்கள் முதலில் கேட்பது, "பையன் எப்பங்க பிளாக் பெல்ட் வாங்குவான்?" என்பதுதான். பணம் கட்டினால் டெஸ்ட், டெஸ்டுக்கு வந்தால் பெல்ட் என்று நடத்துகிறவர்களும் உண்டு. அதைக் கராத்தே என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

நவீனக் கராத்தேயின் தந்தை என்று போற்றப்படும் கிச்சின் ஃபுனாகோஷி 1868இல் ஒகினாவாவில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளி வாத்தியார். பகலில் பாடம் நடத்திவிட்டு, இரவில் ஆசான் அசாத்தோவின் வீட்டு முற்றத்தில் பயிற்சி செய்வார். கட்டா என்றால் வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு. டெக்கி என்கிற மூன்று கட்டாக்களுக்கு மட்டும் பத்து வருடம் ஆனதாம். ஆசான் சரி என்று சொல்லும்வரை அடுத்ததற்குப் போக முடியாது. அப்போது கராத்தேயில் பெல்ட்டே கிடையாது. ஜூடோவில் ஜிகோரோ கானோ ஏற்படுத்திய முறையைப் பின்பற்றி, ஃபுனாகோஷி முதன்முதலில் பிளாக் பெல்ட் கொடுத்தது 1924இல். அப்போது அவருக்கு வயது 55. அவர் கற்றதெல்லாம் அதற்கு முன்பே.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், கராத்தேயைச் செய்துகாட்ட டோக்கியோ போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கையில் காசில்லை. ஒகினாவா மாணவர்களின் விடுதியில் ஓர் அறை கொடுத்தார்கள். பதிலுக்கு வாசல் காவல், தோட்ட வேலை, அறை பெருக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. சாப்பாட்டுச் செலவு குறையட்டும் என்று விடுதிச் சமையல்காரருக்கே கராத்தே சொல்லிக்கொடுத்தார். ஊரில் வாத்தியாராக இருந்தவர், ஐம்பது வயதுக்கு மேல், மாணவர்களின் அறையைப் பெருக்குகிறார்! பின்னாளில் அவருக்காக எழுப்பப்பட்ட பயிற்சிக்கூடம் 1945இல் குண்டுவீச்சில் அழிந்தது. அதற்குப் பிறகும் சொல்லிக்கொடுத்தார். 1957இல் காலமானார்.

இன்னும் சில மாதத்தில் உங்கள் வீடுகளில் ஒரு பேச்சு வரும்: "இத்தனை படிச்சுப்போட்டு இந்த வேலைக்கா போறே?" எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுவதோ, திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணுவதோ, எதுவானாலும், அறை பெருக்கிய அந்த வாத்தியாரை நினைத்துக்கொண்டு தயங்காமல் போங்க. அங்கே கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை என்று ஆகும்போது வேறு இடம் பாருங்க.

கற்றுக்கொள்வது மெடலுக்காக மட்டும் இல்லை. 2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இருந்தது. 2024 பாரிஸில் எடுத்துவிட்டார்கள். அதற்காக எங்கள் காலை வகுப்பு நிற்கவில்லை. ஓய்-சுகி என்று ஒரு குத்து, ஆரம்பத்திலேயே சொல்லித்தருவது. இந்த வயதிலும் அதைக் குத்தும்போது பின்னங்கால் குதிகால் தூக்குகிறதா என்று கண்ணாடி முன் நின்று பார்க்கிறேன். சில நாள் தூக்கத்தான் செய்கிறது.

அதுபோல, நீங்கள் படித்த பாடங்களில் அரைகுறையாகப் புரிந்தது எது என்பது உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். பாஸ் ஆகிவிட்டோமே என்று அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்கள் பேராசிரியர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த மாதம் ஒருநாள் வந்து கேளுங்க கண்ணுகளா.